படம் வரும் வரைக்கும்

செலினின் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இவ்ளோ அழுத்த வேணாம் செலின். லேசா வெச்சிருந்தா போதும்."

"லேசா வெச்சா நகந்துடுமோன்னு பயமா இருக்கு."

"நகராது."

"தெரிஞ்சு சொல்றியா, சும்மா சொல்றியா?"

சும்மாதான் சொன்னேன்.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டின் பின்னறை. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். மேசைமேல் ஒரு டிவி கேம் கேசட் திறந்து கிடந்தது. அதன் உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியை அப்போதுதான் கழற்றித் தனியே வைத்திருந்தேன். புதுப் பேட்டரி பக்கத்திலேயே தயாராக இருந்தது. அதைப் பற்றவைக்க சால்ட்ரிங் அயர்னைக் கையில் எடுத்தேன். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி நின்றது. கரண்ட் போய்விட்டது.

அந்தக் காலத்துக் கேசட்டுகள் சிலவற்றில் ஒரு வசதி உண்டு. ஆட்டத்தில் எதுவரை போனோம் என்பதை, ஆடுகிறவரின் பெயரோடு உள்ளேயே சேர்த்துவைக்கும். அந்த ஞாபகத்துக்கு உயிர் கொடுப்பது அந்தப் பொத்தான் பேட்டரிதான். பேட்டரியை எடுத்தால் பெயரும் போய்விடும். அதனால் எடுப்பதற்கு முன்பே இரண்டு பென்சில் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து, தற்காலிகமாக அதற்குத் தீனி போட்டிருந்தேன். பழைய பேட்டரி வெளியே வந்த கையோடு, அந்த வயர்களில் ஒன்றின் ஈயப் பற்று பிளந்து ஆடுவதைப் பார்த்தேன். "விரல் வை" என்றேன். செலின் வைத்தாள். அதற்கப்புறம்தான் கரண்ட் போனது.

டேப் ஒட்டலாம். ஆனால் ஒட்டுவதற்கு விரலை எடுக்க வேண்டும். எடுத்தால் உள்ளே இருக்கும் இரண்டு பெயர்களும் போய்விடும். ஒன்று அவளுடையது. இன்னொன்று பிரெஞ்சில் நான்கே எழுத்து: பப்பா.

லெவல் தெரியாதவள்

ஸ்டெபிலைசர் கம்பெனியில் வேலை பார்த்த கதையை இந்தத் தொடரில் எழுதிய வாரம், ஒரு வாசகி கேட்டிருந்தார். வாரம் முழுக்க மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் செய்தேன். என்ன, அந்த போர்டுகள் பழைய டிவி கேம்களுடையவை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டரில் ஆடத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு பரணில் கிடந்த பழைய டிவி கேம் செட்டுகள், பிளாஸ்டிக் குடத்துக்கும் வெங்காயத்துக்கும் மாறிக்கொண்டிருந்தன. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அவை கோணிமேல் குவிந்து கிடக்கும். நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். என் கட்டிலுக்கு அடியில் கால் நீட்ட இடமில்லை.

"பொண்ணு ரூம்பா இது? பொண்ணு பாக்க வர்றவங்க ரிப்பேர் கடைன்னு நெனச்சு மிக்ஸிய குடுத்துட்டுப் போவப் போறாங்க" என்பாள் அம்மா.

கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். "எந்த லெவல் வரைக்கும் போயிருக்க கலை?"

நான் எந்த லெவலுக்கும் போனதில்லை. முதல் பள்ளத்திலேயே விழுந்துவிடுவேன். விழுந்ததும் செட்டை அணைத்துவிட்டு அடுத்ததைப் பிரிப்பேன்.

இது எங்கே தொடங்கியது என்று யோசித்தால், ஐந்தாவதோ ஆறாவதோ படித்தபோது பக்கத்து வீட்டுக்கு வந்த ஒரு செட்டில் போய் நிற்கிறது. அதை ஆன்டெனா சொருகும் துளையில் மாட்டி, டிவியில் ஏதாவது ஒரு சேனலில் பிடிக்க வேண்டும். டிவியின் முன்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் தீக்குச்சி கனத்தில் ஒரு திருகு. திருப்பத் திருப்ப வெறும் புள்ளியும் இரைச்சலும். பக்கத்து வீட்டு அண்ணன் பொறுமையிழந்து என்னிடம் விட்டுவிட்டார். என் விரல் சின்னது, லாகவமாகத் திரும்பியது. புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு சுவர் எழுந்தது. அப்புறம் ஒரு குட்டி மனிதன். அப்புறம் பாட்டு.

மற்றவர்கள் ஆடப் பாய்ந்தார்கள். எனக்கோ திருகைக் கொஞ்சம் திருப்பிப் படத்தைத் தொலைத்துவிட்டு, மறுபடி தேட வேண்டும்போல இருந்தது. திருப்பினேன். தலையில் குட்டு விழுந்தது.

ஏன் ஆடப் பிடிக்கவில்லை? ஆட்டத்தில் யாரோ ஒருவர் எனக்காகவே பள்ளம் வெட்டிவைத்து, நான் விழுவேனா என்று பார்க்கிறார் என்று தோன்றும். ஒரு செட்டில் படம் வராமல் இருக்கும்போது யாரும் எதையும் ஒளித்துவைக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். எங்கோ ஒரு காரணம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை உட்காரவிடாது.

மாதா நின்ற டிவி

செலினை எனக்கு அனுப்பிவைத்தவர் சந்தையில் வயர் விற்கிற ஒருவர். "அதோ நிக்குது பாரு, அந்தப் பொண்ணுகிட்ட கேளு. அதுதான் வயர் பைத்தியம்" என்றாராம். செலினே பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

என் வயதுதான் இருக்கும். கைப்பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து நீட்டினாள். அதன் முனையில் அகலமான பிளக், ஒரு மூலை சாய்வாக வெட்டினாற்போல. மொத்தம் இருபத்தொரு உலோகக் கால். நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. சந்தைக் கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"பெரிதெல்னு சொல்வாங்க. பிரான்ஸ்ல எல்லா டிவிலயும் இதுக்கு எடம் இருக்கும். இங்க ஒரு டிவிலயும் இல்ல."

செலின் பிறந்து வளர்ந்தது பாரிஸுக்கு வெளியே ஒரு ஊரில். பதின்மூன்று வயதில் அம்மாவோடு இங்கே வந்துவிட்டாள். வீடு உப்பளம் பகுதியில். பீச் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. வரும்போது கையோடு கொண்டுவந்த கேம் செட்டு இத்தனை வருஷம் பீரோமேலேயே கிடந்தது. அம்மா தூக்கிப் போடப் போகிறேன் என்றதும் கேபிளோடு கிளம்பி வந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு செட்டை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தாள். அவள் அம்மாவுக்கு அது கண்ணில் படவே கூடாதாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. பிளக்கைப் பிரிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

இருபத்தொரு காலில் படம் போகும் காலைத் தேடிப் பிடித்து எங்கள் டிவிக்கு இழுத்தேன். படம் வந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. செலினின் முகம் மட்டும் மாறவே இல்லை.

"கருப்பு வெள்ளையா இருக்கே. அந்தக் காடு பச்சையா இருக்கும்."

பிரெஞ்சுக்காரர்களின் கலர் முறை வேறு. அந்த செட்டு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி வயரில் அனுப்புகிறது. வாங்கிக்கொள்ள எங்கள் டிவிக்கு வாயில்லை. ஆக, பிரெஞ்சு டிவிதான் வேண்டும். புதுச்சேரியில் அது கிடைக்காத பொருள் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்கள் வீடுகளில் தேடினால் கிடைக்கும். ஆனால் இங்கே அதில் நம் சேனல்கள் ஒழுங்காகத் தெரியாது. கலர் வராது, சத்தத்துக்கு பதில் இரைச்சல்தான் வரும். அதனால் அவை வேறு வேலைக்குப் போயிருந்தன.

உப்பளத்தில் செலினின் தெருவிலேயே ஒன்று இருந்தது. பட்டாளத்துக்காரரின் மனைவி, தெருவே மதாம் என்று கூப்பிடும் அம்மாள், அதன்மேல் லேஸ் துணி விரித்து மாதா சிலையை வைத்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்.

"டிவிய எடுத்துட்டுப் போங்க. மாதா எங்க நிப்பாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. மறுவாரம் அதே உயரத்தில் ஒரு ஸ்டூல் வாங்கிக்கொண்டு போனோம். மாதாவை இடம் மாற்றும்வரை மதாம் முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தார். டிவியை ஆட்டோவில் என் மடியிலும் செலின் மடியிலுமாக வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

பின்னறையில் அந்த இருபத்தொரு காலும் அதனதன் இடத்தில் கடக்கென்று உட்கார்ந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. ஸ்விட்சைப் போட்டேன். காடு பச்சையாகவே இருந்தது.

எனக்கு அது போதும். என் மனம் அடுத்த செட்டுக்குத் தாவிவிட்டது. ஆனால் செலின் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். திரையில் இரண்டு பெயர்கள். அவள் தன் பெயரை அழுத்தி ஆட ஆரம்பித்தாள். வாளை வைத்துக்கொண்டு ஒரு பையன் காடு மேடெல்லாம் சுற்றுகிற ஆட்டம். வழியெல்லாம் பெட்டிகள், அதற்குள் ஏதேதோ சாமான்கள். ஞாயிறு தவறாமல் வந்து ஆடினாள். இரண்டாவது பெயரை அவள் தொடவே இல்லை.

திறந்து பார்க்கலாமா

ஒருநாள் கேட்டேன். "கேசட்டத் தொறந்து பாக்கலாமா?"

"எதுக்கு?"

"சும்மா. உள்ள எப்டி இருக்குன்னு."

சரியென்று தலையசைத்தாள். அந்தக் கேசட்டின் திருகு விசித்திரமானது, எந்தத் திருப்புளிக்கும் பிடிகொடுக்காது. நான் ஒரு பால்பாயின்ட் பேனாவின் குழாயை மெழுகுவத்தியில் உருக்கித் திருகின் தலையில் அழுத்தி, ஆறவிட்டேன். குழாய்க்குள் திருகின் அச்சு அப்படியே பதிந்துவிட்டது. அதைவைத்தே திருப்பினேன். செலின் அதை வாங்கி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

உள்ளே பேட்டரி இருந்தது. மீட்டரை வைத்தேன். முள் பாதி வழியிலேயே நின்றது.

"இன்னும் எவ்ளோ நாளு வரும்?"

"சொல்ல முடியாது. ஆறு மாசமும் வரும். நாளைக்கே போனாலும் போகும். மாத்திடலாம்."

"மாத்தறப்ப அழிஞ்சுட்டா?"

"அழியாம மாத்த ஒரு வழி இருக்கு. செஞ்சு பாக்கலாம்."

"செஞ்சு பாக்கலாமா?" என்று திருப்பிக் கேட்டாள். குரல் மாறியிருந்தது. "நீ இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கியா?"

"இல்ல."

கேசட்டை மூடித் தரச் சொன்னாள். மூடித் தந்தேன். பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. எனக்குக் கையில் வேறு செட்டு இருந்தது, ஆனால் அதில் வேலை ஓடவில்லை. ஒரு பேட்டரிக்காக ஒருத்தி ஏன் இப்படிக் கலங்குகிறாள் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காரணத்தை மீட்டர் வைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"எடுத்தாலும் போகலாம், எடுக்கலைனாலும் போயிடும். அப்ப எடு. ஆனா நான் பக்கத்துலயே இருப்பேன்."

அப்படித்தான் அந்த விரல் அங்கே வந்தது.

விசிறி

கரண்ட் போனதும் அம்மா பின்னறைக்கு வந்தாள். கையில் பனையோலை விசிறி. நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ விரல எடுத்தா இன்னாடி ஆவும்?"

"உள்ள இருக்கற பேரு அழிஞ்சிடும்மா."

"யாரு பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் செலின் சொன்னாள். "எங்கப்பா பேரு ஆண்ட்டி. பேருன்னா பேரு இல்ல. பப்பான்னு இருக்கும்."

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு செலினுக்கு விசிற ஆரம்பித்தாள். நெற்றியிலிருந்து வழிந்த வேர்வை செலினின் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க அவளுக்குக் கையில்லை. ஒரு கை வயர்மேல் இருந்தது, இன்னொரு கை போர்டைப் பிடித்திருந்தது. அம்மா முந்தானையால் ஒற்றினாள்.

"அப்பா அங்கதான் இருக்காராம்மா?"

"ம். அங்கதான். வேற வீடு, வேற குடும்பம்."

"பேசுவாரா?"

"நோவேலுக்குப் பேசுவாரு. என் பொறந்த நாளுக்குப் பேசுவாரு."

நோவேல் என்றால் கிறிஸ்துமஸ். எனக்கு அது தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் தலையாட்டினாள்.

இத்தனை வாரமாக நான் கேட்காததையெல்லாம் அம்மா விசிறிக்கொண்டே கேட்டாள். செலின் வயரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். அவள் அப்பாவுக்கு ஒரு கிடங்கில் வேலையாம். அவர் வீடு திரும்பும்போது இவள் தூங்கியிருப்பாள். தூக்கம் வராமல் அவர் உட்கார்ந்து ஆடுவார். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, நேற்று எங்கே போனேன் தெரியுமா என்று சொல்வார். ஆற்றைத் தாண்டிவிட்டேன், கோட்டைக்குள் போய்விட்டேன் என்று. இவள் சாயங்காலம் வந்து அவர் போன வழியிலேயே தன் ஆட்டத்தைக் கொண்டுபோவாள்.

"நேர்ல ரொம்பப் பேசிக்க மாட்டோம் ஆண்ட்டி. அதைத்தான் பேசுவோம்."

"அவரு பேரத் தொறந்து பாத்தியாம்மா, எதுவரைக்கும் போயிருக்காருன்னு?"

செலின் இல்லையென்று தலையசைத்தாள். "முடிச்சிருந்தாருன்னா, என்கிட்ட சொல்லாம முடிச்சிருக்காருன்னு ஆயிடும்ல."

நான் போர்டைப் பார்த்தேன். கறுப்பாகக் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சில்லு. அதற்குள் ஒரு மனிதர் தூக்கம் வராமல் நடந்த வழி முழுக்க இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எத்தனையோ கேசட்டுகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். உள்ளே யார் பெயராவது இருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"கை மரத்துப் போச்சு" என்றாள் செலின்.

"மாத்திப் புடிக்கட்டுமா?"

"வேணாம். மாத்தறப்ப போயிடும்." பிரெஞ்சில் ஒன்று, இரண்டு என்று மெல்ல எண்ணத் தொடங்கினாள். அம்மா விசிறியைக் கை மாற்றிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய்த் திரும்பியும் வந்தது. ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்ததும் மூன்று பேருமே அசையவில்லை. அயர்ன் சூடேற வேண்டும். முனையில் ஈயத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உருகியது. முதலில் அவள் விரலுக்குப் பக்கத்தில் வயரைப் பற்றவைத்தேன். "எடு" என்றேன். அவள் எடுக்கவில்லை. அம்மாதான் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். அப்புறம் புதுப் பேட்டரியின் இரண்டு காலையும் பற்றவைத்துவிட்டு, தற்காலிக வயர்களை எடுத்தேன்.

கேசட்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். படம் வந்தது. முதல்முறையாக, படம் வந்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. பொத்தானை அழுத்திப் பெயர்கள் வரும் இடத்துக்குப் போக வேண்டும். செலின் அழுத்தினாள்.

இரண்டு பெயரும் இருந்தன.

பாலத்துக்குக் கீழே

அன்றைக்கே அவள் அப்பாவின் பெயரைத் திறந்தாள். அவர் முடித்திருக்கவில்லை. கோட்டைக்கு வெளியே, ஒரு பாழ்மண்டபத்தில் பையன் நின்றுகொண்டிருந்தான். இன்னும் பாதி ஆட்டம் பாக்கி.

"போன் பண்ணி சொல்லேம்மா" என்றாள் அம்மா. செலின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆனால் பேசியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு வந்ததும் வராததுமாகச் சொன்னாள். ஆபீஸ் முடிந்து ஐஎஸ்டி பூத்துக்குப் போயிருக்கிறாள். பிறந்த நாளும் இல்லை, நோவேலும் இல்லை என்பதால் அவர் பயந்துவிட்டார். அம்மாவுக்கு ஏதாவதா என்று கேட்டிருக்கிறார்.

"கேம் பத்திச் சொன்னேன். எந்த கேம்னு கேட்டாரு."

"மறந்துட்டாரா?"

"சுத்தமா. வாள், காடு, கோட்டைன்னு எல்லாம் சொன்னேன். சரி சரிங்கறாரு, ஆனா ஞாபகம் இல்லன்னு தெரியுது. நானும் சரி, போன வெச்சிடலாம்னு பாத்தேன்." பையைக் கீழே வைத்தாள். "அப்புறம் அவரே கேட்டாரு. ஒரு மரப்பாலம் வருமே, அதுக்குக் கீழ எறங்க ஒரு வழி இருக்கும், அங்க ஒரு பெட்டி இருக்கும், எடுத்தியான்னு."

"எடுத்தியா?"

"கீழ எறங்கலாம்னே எனக்குத் தெரியாது."

அப்பாவின் பெயரைத் திறந்தாள். பாழ்மண்டபத்திலிருந்து பாலம் தூரம். பையனை நடத்திக்கொண்டே போனாள். நான் வழக்கமாக டிவிக்குப் பின்னால், வயர்கள் பக்கம் உட்காருவேன். அன்றைக்கு முன்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாலம் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு புதர். வாளால் வெட்டியதும் படி தெரிந்தது. இறங்கினாள்.

பெட்டி இருந்தது. மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த ஆட்டத்தில் திறந்த பெட்டி மறுபடி மூடாது.

"எடுத்துட்டாரு" என்றாள் செலின். சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அவர்தான் எடுத்திருக்காரு."

செட்டை அணைத்துப் போட்டுத் தன் பெயரைத் திறந்தாள். அவளுடைய பையன் ஆற்றைத் தாண்டி வெகு தூரத்தில் நின்றான். பாலத்துக்குத் திரும்பிப் போக ஒரு மலையைச் சுற்ற வேண்டும். அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"நீ போய் உன் வேலயப் பாரு கலை. இது நேரமாவும்."

"பரவால்ல" என்றேன்.

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.